போர்டில் 'டாக்டர்' என்று இருந்தால் போதுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



வரவு செலவு வாசிச்சாச்சு. அதில் வந்த ஒரு கடனைப் பற்றிப் பேசணும். நம்ம குழு ஒன்றில் ஓர் அக்கா 6,000 ரூபாய் உள்கடன் வாங்கினாங்க. காரணம்: மருத்துவச் செலவு. நாங்களும் மேலே கேட்கவில்லை, கேட்டிருக்கணும். பக்கத்து ஊரில் 'இயற்கை மருத்துவ டாக்டர்' என்று முகாம் போட்ட ஒருவரிடம் அந்தப் பணம் போயிருக்கு. சர்க்கரை நோய் அடியோடு போயிடும், இன்சுலினைத் தூக்கிப் போடுங்க என்று சொல்லி ஒரு பொடி டப்பாவும் கொடுத்திருக்கார். ஒன்பதாம் நாள் வாந்தி, மூச்சு வாங்கல், நினைவு தப்பிப் போச்சு. 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த்தான் உயிரைக் காப்பாற்றினோம்.

இயற்கை மருத்துவமே மோசம் என்று நாங்கள் சொல்ல வரலை. சென்னை அரும்பாக்கத்தில் அதற்கு அரசுக் கல்லூரியே இருக்கு. பி.என்.ஒய்.எஸ். என்ற பட்டம். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷப் படிப்பு. மண்பட்டி, நீர் சிகிச்சை, உணவு முறை, யோகா இதெல்லாம்தான் அவங்க வேலை. முட்டிவலிக்கு நம்மில் பலர் போய்ப் பலன் கண்டிருக்கோம். அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு, காசு கிடையாது.

ஆனால் அது மருந்தில்லா மருத்துவம். அந்தப் பேரில் பொடி விற்கிறார் என்றாலே சந்தேகப்படணும். இன்சுலினை நிறுத்துவதும் குறைப்பதும் அதை எழுதிக் கொடுத்த டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. மும்பையில் ஹோமியோபதி படித்த ஒருவர் காய்ச்சலுக்கு ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்துபோனார். தான் படிக்காத வைத்தியத்தைப் பார்ப்பவர் போலி மருத்துவர்தான் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, இறந்தவரின் மனைவிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுக்க வைத்தது. பதிவில்லாமல் ஆங்கில மருத்துவம் பார்த்தால் 2019-ஆம் வருஷச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டுமே. சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அந்த முகாம் நோட்டீஸில் அப்படித்தான் அச்சடிச்சிருந்தாங்களாம்!

இனி யாரிடம் போனாலும் என்ன படிப்பு, பதிவு எண் என்ன என்று கேளுங்க. கேட்க நமக்குக் கூச்சம். வட்டிக்காரரிடம் கணக்குக் கேட்கவும் முதலில் கூச்சமாகத்தானே இருந்தது?

அக்கா தேறி வந்துட்டாங்க, திரும்ப இன்சுலின் போடுறாங்க. தவணை இன்னும் எட்டு பாக்கி. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு மனு எழுதி வெச்சிருக்கோம். அந்த நோட்டீஸ் யார் வீட்டிலாவது கிடந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஊக்குநரிடம் கொடுங்க, மனுவோடு சேர்த்து வைக்கணும்.