மாடியில் சோலார் இருந்தும் வீடு ஏன் இருட்டாகிறது?



2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தாம்பரம் பக்கம் எங்க பெரியம்மா வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. "வெயிலுதான் அடிக்குதே, அப்புறம் ஏன் கரண்ட் வரல?" என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டு சோலாரும் மின்வாரிய லைனோடு சேர்ந்த ஆன்-கிரிட் வகை என்றால், இதே கதைதான். பழுது எதுவும் இல்லைங்க. லைனில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பார்த்துத்தான் அந்த இன்வெர்ட்டர் வேலை செய்யும். லைனில் கரண்ட் போனால் அதுவும் ஓரிரு விநாடியில் நின்றுவிடும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியருக்கு நம்ம மாடியிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது, இல்லையா?

"அப்போ ஒரு பேட்டரி வாங்கி மாட்டினா போதுமா?" போதாது. ஆன்-கிரிட் இன்வெர்ட்டரில் பெரும்பாலும் பேட்டரிக்கு இடமே இருக்காது. ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாறலாம். செலவு கொஞ்சம் அதிகம். இன்னொரு வழி, பழையதை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பேனல், ஒரு பேட்டரி, ஒரு ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டர் என்று தனியாகச் சின்னதாக அமைப்பது. படுக்கையறை ஃபேன், நாலு லைட், வைஃபை, இவற்றுக்கு மட்டும் தனி லைன் இழுக்க வேண்டும். பெரியம்மா வீட்டில் இதைத்தான் செய்தோம். என்னைக் கேட்டால் நடுத்தரக் குடும்பத்துக்கு இதுவே பொருத்தம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, இரவு 8 மணி நேரம். 9 வாட் எல்.இ.டி. நாலு, 5 மணி நேரம். வைஃபையும் சேர்த்தால் சுமார் முக்கால் யூனிட். 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியில் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அப்படிப் பார்த்தால் 0.9 யூனிட், இரவு ஓடிவிடும். ஃப்ரிட்ஜையும் சேர்த்தால் ஓடாது. அதற்கு லித்தியம் பேட்டரி பார்க்கலாம், அதில் 80 சதவீதம் வரை எடுக்கலாம். விலைதான் கூட. டியூபுலர் என்றால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், சார்ஜ் ஆகும்போது வாயு வரும்.

ஒன்றே ஒன்று, தயவுசெய்து செய்யாதீங்க. கரண்ட் இல்லாத நேரத்தில் யு.பி.எஸ். அல்லது ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் செருகி சோலாரை "எழுப்ப" சிலர் முயல்கிறார்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்கே போய்விடும். லைன்மேனுக்கு ஆபத்து என்று சொன்னேனே, அது இப்படித்தான் நடக்கும்.

மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இது மின்வாரிய லைனோடு சேரும் பேனலுக்கு. பேட்டரிக்குத் தனியாகக் கிடையாது. "பேட்டரிக்கும் மானியம் வாங்கித் தரேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லைனோடு சேரும் பேனலைக் கூட்டினாலும் இன்வெர்ட்டரை மாற்றினாலும், வேலை தொடங்கும் முன்பே உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் மின்னகம் 94987 94987, எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.