முனிசீப் வேதநாயகர் காட்டிய வழி

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் ஊர்களில் ஒருவரைப் பெரிய மனிதர் என்று சொல்லும்போது அவருடைய நிலத்தையோ வீட்டையோ மட்டும் எண்ணிச் சொல்வதில்லை. இரு தரப்பாரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள் என்றால்தான் அவரைப் பெரிய மனிதர் என்கிறோம். தோற்றவனும் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பே நல்ல தீர்ப்பு. அத்தகைய நன்மதிப்பைக் காவிரிக் கரையில் பெற்று விளங்கிய ஒரு நீதிபதியின் வரலாற்றை இன்று நாம் நினைவு கூர்வோம். அவரே மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை.

தமிழில் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவரை அறிவார்கள். ஆனால், அவர் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளை நீதிமன்றத்திலே கழித்தவர் என்பதையும், அங்கே கண்டவையே அவரை எழுதத் தூண்டின என்பதையும் நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

வேதநாயகர் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் நன்கு பயின்றார். 1848-ஆம் ஆண்டில் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் வேலையில் அமர்ந்தார். பின்னர் அங்கேயே மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1857-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் முனிசீப் பதவி ஏற்றார். பிறகு சீகாழியிலும், இன்று மயிலாடுதுறை எனப் பெயர் வழங்கும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார்.

முனிசீப் என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். நியாயம் வழங்குபவர் என்பது அதன் பொருள். சென்னை இராஜதானியில் 1816-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டங்களின்படி கிராம முனிசீப், கிராமப் பஞ்சாயத்து, ஜில்லா முனிசீப் என்னும் அமைப்புகள் ஏற்பட்டன. மக்கள் வழக்கு மக்கள் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே தீரவேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். நிலத்தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை, வாய்க்கால் உரிமை போன்றவற்றில் குடியானவன் முதலில் ஏறும் படி முனிசீப் கோர்ட்டின் படியே. மேல் கோர்ட்டுக்குப் போகப் பணமும் காலமும் இல்லாத ஏழைக்கு அதுவே கடைசிப் படியும் ஆகும். ஆகவே, அந்த நாற்காலியில் அமர்பவர் எப்படிப்பட்டவர் என்பது ஏழைக்குப் பெரிய காரியம்.

அந்த நாற்காலியில் இருந்து வேதநாயகர் கண்ட குறை ஒன்று உண்டு. வழக்காடுபவன் தமிழன், சாட்சி தமிழன், வழக்கறிஞரும் பெரும்பாலும் தமிழர். ஆனால், வாதமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் நடைபெற்றன. தன் நிலம் தனக்கு நின்றதா, போயிற்றா என்பதைக்கூட மற்றொருவர் சொல்லக் கேட்டே குடியானவன் அறிய வேண்டியிருந்தது. அப்படிச் சொல்பவர் சொன்னது சரிதானா என்று பார்க்கவும் அவனுக்கு வழியில்லை. புரியாத இடத்தில் இடைத்தரகன் பிழைக்கிறான். ஏமாற்றுக்கும் கைக்கூலிக்கும் அங்கேதான் வேர் பிடிக்கிறது.

இக்குறையைக் கண்டு வேதநாயகர் வாளா இருந்தாரல்லர். 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட்டு என்னும் அக்காலத்து மேல் வழக்குமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி, 1862-ஆம் ஆண்டில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கப்பெற்ற ஆண்டும் அதுவே. சட்டத் தமிழுக்கு அப்போது நல்ல சொற்கள்கூட அமைந்திருக்கவில்லை. முன் தீர்ப்புகளைத் தமிழில் படிக்கலாம் என்ற நிலை வந்ததும், ஆங்கிலம் அறிந்த சிலரிடம் மட்டும் பூட்டிக் கிடந்த அறிவு பலருக்கும் திறந்தது. அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் ஒருவர் செய்த இவ்வேலையை எண்ணினால் நமக்கு வியப்பு உண்டாகிறது.

1879-ஆம் ஆண்டில் வெளிவந்த நாவலிலும் அவர் இதனை விடவில்லை. கதைத் தலைவி ஞானாம்பாள் ஆண் உடையில் சென்று ஓர் ஊருக்கு அரசாகிறாள். அப்பகுதியில் நாட்டு மொழியிலேயே வழக்கு நடைபெற வேண்டும் என்பதை ஆசிரியர் விரித்துரைக்கிறார். கதை கேட்க வந்தவர்களுக்கும் அவர் தம் கோர்ட்டின் குறையை எடுத்துச் சொன்னார். அவர் ஆசைப்பட்டது வெகு காலம் கழித்தே கைகூடியது. நம் மாநிலத்தில் 1956-ஆம் ஆண்டில் ஆட்சிமொழிச் சட்டம் பிறந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் உயர்நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட நீதிமன்றங்களில் தீர்ப்பும் கட்டளையும் தமிழில் வழங்க வழி ஏற்பட்டது. நாவல் வெளிவந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆன பிறகு!

நீதிபதிக்குத் தகுதி சட்ட அறிவு மட்டுமன்று. 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலில் வேதநாயகர் கைக்கூலியைத் தனியாக எடுத்துக் கண்டித்தார். பிறருக்குச் சொன்னதோடு நில்லாமல் தாமும் அவ்வாறே நடந்தார் என்பதே ஊரார் அவரை மதித்ததற்குக் காரணம். பெண்கள் படிக்கக் கூடாது என்று பலரும் எண்ணிய அக்காலத்தில், 1869-ஆம் ஆண்டில் ‘பெண் கல்வி’ என்னும் நூலை எழுதினார்.

தாம் கிறிஸ்தவராக இருந்தும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் போற்றிப் பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். அவர் மீது ‘குளத்துக் கோவை’ என்னும் நூலையே பாடினார். எல்லாச் சமயத்தவரும் பாடத்தக்க கீர்த்தனைகளை வேதநாயகர் இயற்றினார். தம் முன் வந்து நிற்பவன் எந்தச் சமயத்தான், எந்தத் தெருவான் என்று பாராத மனம் உடையவருக்கே நீதி வழங்கும் உரிமை உண்டு என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

1876-ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை தென்னாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அப்போது வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையை வியந்து அவரைப் பாடினார். மாயூரம் நகரசபையின் தலைவராகவும் வேதநாயகர் ஊருக்கு உழைத்தார். 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள் அவர் காலமானார்.

நண்பர்களே! இவ்வரலாற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களாகிய நாம் ஏன் கேட்க வேண்டும்? இன்று நம் பஞ்சாயத்துத் தலைவருக்கோ அங்கத்தினருக்கோ வழக்கு விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஊரைக் கூட்டி அபராதம் விதிப்பதும், ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைப்பதும் சட்டத்துக்கு மாறானவை. இதனை நாம் ஐயமின்றி உணர வேண்டும். எனினும், நீதிபதிக்கு உரிய குணங்கள் நமக்கு வேண்டாம் என்று இதனால் ஆகிவிடாது. எந்தத் தெருவுக்கு முதலில் குடிநீர்க் குழாய் போடுவது, வீடு கட்டும் உதவி யாருக்குக் கிடைப்பது, எந்த வாய்க்காலை முதலில் தூர் வாருவது என்பவற்றை முடிவு செய்யும்போது நாமும் தீர்ப்புத்தான் சொல்கிறோம். அத்தீர்ப்பால் ஒரு வீட்டில் விளக்கு எரியும். மற்றொரு வீடு காத்திருக்கும். காத்திருக்கும் வீட்டாருக்குக் காரணம் தெரிய வேண்டும்.

ஆகவே, வேதநாயகரிடமிருந்து நாம் மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்வோம்.

முதலாவது, புரியும்படி சொல்லுதல். கிராம சபை கூடும் நாள்களில் தீர்மானத்தையும் வரவு செலவையும் எல்லாரும் கேட்க நிதானமாகப் படிக்க வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுதல் கூடாது. இன்ன காரணத்தால் இவருக்கு முதலில், அவருக்குப் பின்னர் என்று எழுதி வைத்தால் பாதி மனத்தாங்கல் அங்கேயே தீரும்.

இரண்டாவது, கை சுத்தம். சிறு தொகையாயினும், விருந்தாயினும், முடிவுக்கு முன் பெற்றுக்கொண்டது கைக்கூலியே.

மூன்றாவது, வழி காட்டுதல். வரப்புத் தகராறு, பாகத் தகராறு என்று நம்மிடம் வருபவரைத் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும், குறைந்த வருமானம் உடையவர்களுக்கும் அங்கே இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் இசைந்து முடித்துக்கொண்டால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. அதன் முடிவுக்கு மேல் அப்பீலும் இல்லை. இதனை அறியாமல் நம் உழவர் எத்தனை பேர் ஒரு முழ நிலத்துக்காக ஒரு காணி நிலத்தை விற்றிருக்கிறார்கள்!

வேதநாயகருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை மாலையிடுவதோடு முடிவதில்லை. நம் பஞ்சாயத்து அலுவலகத்தில் உள்ள தீர்மானப் புத்தகத்தை ஊரில் உள்ள எந்தத் தாயும் எடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் அவருக்குப் புரியும் என்ற நிலையை உண்டாக்குவோம். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே அதனைத் தொடங்குவோமாக.