தரங்கம்பாடிச் சிறை

திருச்செங்கோட்டிலிருந்து பேசுகிறேன். ‘வெள்ளைக்காரன் மதம் பரப்பத்தான் வந்தான்; வியாபாரமும் ராஜ்யமும் அதற்குப் போட்ட வேஷம்’ என்று எழுதிய நேயர் ஒருவர், இது சரிதானா என்று என்னைக் கேட்டிருக்கிறார்.

1498-ல் வாஸ்கோ ட காமா வந்ததும், மிளகுக்கும் துணிக்கும் ஐரோப்பியர் தமக்குள் அடித்துக்கொண்டதும் பள்ளியில் படித்த விஷயங்கள். போர்த்துக்கீசியரிடம் சிலுவையும் வாளும் சேர்ந்தே வந்தன என்பதை நான் மறுக்கவில்லை. 1619-ல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்தவர்கள் 1621-ல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தது ஆறாத வடு. ஆயினும் எல்லா ஐரோப்பியரையும் அந்த ஒரே கணக்கில் எழுதிவிடுவோர், தரங்கம்பாடியில் நடந்ததை ஒருமுறை கேட்கவேண்டும்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, 24 வயது நிரம்பும் தறுவாயில், 1706 ஜூலையில், தோழர் புளூட்சோவுடன் அங்கே கரையிறங்கினார் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்கு. கிறிஸ்தவ அரசரின் ஆணையோடு கிறிஸ்தவர் கோட்டைக்கு வந்தவர்களைத் தளபதி ஹாசியஸ் வரவேற்றாரா என்றால், இல்லை. வெகுநேரம் காக்கவைத்து, கடைவீதியில் நிர்க்கதியாக விட்டுச்சென்றார். தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் கம்பெனிக்கு வேண்டியது அமைதியான வியாபாரம்; சுதேசிகளோடு பழகி, அவர்கள் பாஷையைக் கற்று, அவர்களுக்காகப் பரிந்து பேசும் பாதிரியார் அதற்கு இடையூறு. நாவிதர் ஒருவரின் விதவைக்கும் கம்பெனியின் துபாஷிக்கும் எழுந்த கடன் வழக்கில் சீகன்பால்கு அந்த ஏழைப் பெண்ணின் பக்கம் நின்றார். அதனால் மூண்ட விரோதம் முற்றி, 1708 நவம்பரில் ஹாசியஸ் அவரைச் சிறையிலடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதம்! எழுத்தே உயிர்மூச்சாக வாழ்ந்தவருக்குப் பேனாவும் காகிதமும்கூட மறுக்கப்பட்டன. அநியாயம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. பிற்பாடு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் இவரே என்பதை எண்ணும்போது மனம் இன்னும் கனக்கிறது.

இனி நம் சீமைக்கு வருவோம். 1792-ல் திப்பு சுல்தானுடன் செய்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும், அவற்றோடு நம் ஊரும், ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயின. உடனே வந்து சேர்ந்தவர் பாதிரியார் அல்லர். நிலத்தை அளந்து தீர்வை விதிக்க வந்த கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும்தான். 1813 வரை மிஷனரிகள் கம்பெனியின் எல்லைக்குள் தங்குவதே அதிகாரிகளின் தயவைப் பொறுத்ததாயிருந்தது. லண்டன் மிஷன் சேலத்தில் காலூன்றியது 1827-ல், அதாவது வரி வசூல் தொடங்கி 35 ஆண்டுகள் சென்றபின்.

அதற்குள் கம்பெனி, 1817-ஆம் வருஷத்து 7-ஆவது ரெகுலேஷனால், சென்னை மாகாணக் கோவில்களின் சொத்து மேற்பார்வையை ரெவின்யூ போர்டின் வசமாக்கியிருந்தது. ஜனங்களின் மனம் கலங்கினால் வரியும் கலங்கும் என்பதை அது நன்றாக அறிந்திருந்தது. திருவிழாக்களில் கம்பெனிப் படை மரியாதை செலுத்துவதும் வழக்கமாயிற்று. இதைக் கண்டு மனம் பொறுக்காத பாதிரிமாரும் உத்தியோகஸ்தரும் 1836-ல் விண்ணப்பம் போட்டார்கள், பயனில்லை. கிறிஸ்தவச் சிப்பாய்களை அத்தகைய சடங்குகளுக்கு அனுப்ப மனச்சாட்சி இடந்தராத சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் பெரெகிரின் மெயிட்லண்ட், 1838-ல் தம் பதவியையே ராஜினாமா செய்தார். கம்பெனி அவரைக் கப்பலேற்றிவிட்டு வசூலைக் கவனிக்கச் சென்றது.