ஜீரோ பார்த்தது போதும்

சீரியலை விட்டுவிட்டு வந்திருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத் தாய்மார்களே, பெரியோர்களே!

பெட்ரோல் பங்கில் "சார், ஜீரோ பாத்துக்குங்க" என்பார்கள். நாமும் பொறுப்பாக ஜீரோவைப் பார்ப்போம். அதற்கப்புறம் ஓடுகிற எண்ணைப் பார்க்கத்தான் தைரியம் வராது!

கணக்குக்கு வருகிறேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார். சென்னை நெரிசலில் லிட்டருக்கு 15 கிடைத்தாலே பெரிது. லிட்டர் 100 ரூபாய் என்றே வையுங்கள். 6,700 ரூபாய் போச்சு. அதே தூரத்துக்கு மின்சார கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 160 யூனிட் கேட்கும்.

"முதல் 100 யூனிட்தான் இலவசமாச்சே" என்று மகிழாதீர்கள். அதை உங்கள் ஃபிரிட்ஜும் ஏசியும் எப்போதோ தின்றுவிட்டன! காரின் யூனிட்டுகள் மேல் படியில்தான் ஏறும். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். 1,000 தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். அந்த உச்ச விலையில் போட்டாலும் மாதம் 2,000 ரூபாயைத் தொடாது.

ஆனால் இந்த லாபம் யாருக்கு? பார்க்கிங்கில் பிளக் இருப்பவருக்கு மட்டும். பிளக் இல்லாதவர் ரோட்டோர வேகச் சார்ஜரில் வரிசையில் நிற்க வேண்டும். யூனிட் விலையும் அங்கே அதிகம்.

நம் உறுப்பினர்களின் பயம் எனக்குத் தெரியும். "பொது மீட்டரில் அவர் கார் ஓடினால் நான் ஏன் கட்டணும்?" நியாயமான கேள்வி. அவரவர் மீட்டரிலிருந்தே தனி லைன் இழுக்கட்டும். "எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் லோடு தாங்குமா?" இதுவும் நியாயம். 16 ஆம்பியர் பிளக் சுமார் 3 கிலோவாட் இழுக்கும். 20 கார் என்றால் 60 கிலோவாட். ஆனால் தினம் 33 கிலோமீட்டர் ஓடியதை ஈடுகட்ட இரண்டு மணி நேரம் போதுமய்யா! முறை வைத்துக்கொண்டால் ராத்திரிக்குள் எல்லா காரும் ஏறிவிடும்.

ஒன்றே ஒன்றில், பாதுகாப்பில் மட்டும், விட்டுக்கொடுக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டி அரை மணியில் அணையும். கார் மணிக்கணக்கில் இழுக்கும். பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுவது தீயை விலைக்கு வாங்குவது. நல்ல எர்த்திங், தனி எம்.சி.பி., கசிவைக் கண்டதும் அணைக்கும் ஆர்.சி.சி.பி., உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் – இந்த நான்கும் இருந்தால்தான் அனுமதி.

இந்த நிபந்தனைகளோடு பார்க்கிங்கில் கார் சார்ஜ் செய்ய அனுமதிப்பதையே தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் கை தூக்குங்கள்.