கலிம்பா வாங்கப் போறீங்களா? முதல்ல ஓரத்துக் கீயைத் தட்டிப் பாருங்க

போன எபிசோடுக்கு நடுவுல ஒலிச்ச அந்தக் குட்டி வாத்தியம் என்னன்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. அது கலிம்பா. ரெண்டு உள்ளங்கையில் அடங்குகிற மரப்பெட்டி, அதன்மேல் வரிசையாக உலோகப் பட்டைகள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தி வழுக்கி விட்டால் மணி மாதிரி ஒரு சத்தம்.

[கலிம்பா ஒலி]

இதுதான். எதை வாங்குறது, எப்படி ட்யூன் பண்றது, எப்படிக் கத்துக்கிறதுன்னு இன்றைக்குப் பேசிடலாம். நடுவில் கொஞ்சம் ஜிம்பாப்வே பக்கமும் போயிட்டு வரணும், அதை விட்டுட்டு இதைப் பேச எனக்கு மனசு வரலை.

முதலில் வாங்குவது. ஆன்லைனில் தேடினால் 8 கீ, 10 கீ, 17 கீ, 21 கீ, 34 கீ என்று வரிசையாக வரும். யோசிக்காம 17 எடுங்க. இணையத்தில் கிடைக்கிற பாடங்கள் பெரும்பாலும் அதற்குத்தான் இருக்கின்றன, இரண்டு ஸ்தாயிக்கும் கொஞ்சம் கூடவே ஸ்வரம் கிடைக்கும். 34 கீயில் பியானோவின் கருப்புக் கட்டை ஸ்வரங்களும் உண்டு, ஆனா முதல் வாத்தியமா அது வேண்டாம்.

உள்ளே வெற்றிடமும் முன்னால் ஓட்டையும் உள்ள பெட்டி மாடல், ஒரே பலகையாக இருக்கும் மாடல் என்று இரண்டு வகை. பெட்டியில் சத்தம் அதிகம், கீழ் ஸ்வரங்கள் கணீர்னு கேட்கும். பலகையில் சத்தம் குறைவு, ஆனால் மேல் ஸ்வரங்கள் சீராக வரும். ஹாஸ்டலிலோ ரூம்மேட்டோடோ இருக்கிறவங்களுக்குப் பலகை நல்லது. மஹோகனியா, கோவாவா என்று மர வகையைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிற வீடியோக்கள் இருக்கு. ஆரம்பத்தில் அதெல்லாம் பார்க்காதீங்க. பார்க்க வேண்டியது இரண்டு ஓரங்களிலும் இருக்கிற குட்டையான கீகளைத்தான். மலிவான கலிம்பாவின் குட்டு அங்கேதான் உடையும். ஓரத்துக் கீகளில் சத்தம் சீக்கிரம் அடங்குவது இயல்பு. ஆனால் ஸ்வரமே கேட்காமல் ‘டொக்’ என்று மரத்தைத் தட்டின மாதிரி வந்தால் திருப்பி அனுப்பிடுங்க. நிறையப் பேர் அந்த டொக் சத்தத்தைக் கேட்டுட்டு, ‘எனக்குத்தான் வாசிக்க வரலை’ன்னு அலமாரியில் வச்சிடுறாங்க. அவங்க மேல தப்பே இல்லை.

கீ அதிர்ந்து ‘ஜிர்ர்’ என்று உரசுகிற சத்தம் வந்தால், அது வேறு. பட்டையை இடவலமாக ஒரு நூல் நகர்த்திப் பாருங்க. அதுக்கும் மசியலைன்னா, பட்டைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே சின்னதாக ஒரு காகிதத் துண்டைச் செருகுங்க. பெரும்பாலும் நின்றுவிடும்.

இந்த ஜிர்ர் சத்தத்தில்தான் எனக்கு ஜிம்பாப்வே ஞாபகம் வரும். கலிம்பாவுக்கு மூத்த குடும்பம் அங்கே ஷோனா மக்களிடம் இருக்கிறது. ம்பிரா என்று பெயர். அதிலும் ‘ம்பிரா ட்சாவட்சிமு’ என்றால் முன்னோர்களின் ம்பிரா. இருபதுக்கு மேல் கீகள். இடது கையில் கட்டைவிரல் மட்டும், வலது கையில் கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலும். ஆள்காட்டி விரல் கீழிருந்து மேலாகச் சுண்டும். பீரா என்ற சடங்கில் முன்னோர்களின் ஆவியை அழைக்க இரவு முழுக்க வாசிப்பார்கள். அதில் சோடா மூடிகளையோ நத்தை ஓடுகளையோ வேண்டுமென்றே கட்டி வைத்திருப்பார்கள். எதுக்குத் தெரியுமா? அந்த ஜிர்ர் சத்தத்துக்காக! நாம காகிதம் செருகி ஒழிக்கிற சத்தம் அங்கே இசையில் பாதி.

வெள்ளைக்காரர் ஆட்சியில் மிஷனரிகள் இதைப் பேய் வழிபாடு என்று ஒதுக்கினார்கள். அதே காலத்தில்தான் ஹியூ ட்ரேசி என்ற ஆங்கிலேயர் 1920களில் தெற்கு ரொடீசியாவின் புகையிலைப் பண்ணைக்கு வந்து, இந்த இசையில் மயங்கி, பிற்காலத்தில் ஆப்பிரிக்கா முழுக்க ஒலிப்பதிவு செய்தார். 1950களில் மேற்கத்திய சுரவரிசையில் ட்யூன் பண்ணி, கலிம்பா என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார். நம்ம கையில் இருப்பது அதன் வாரிசு. அவர் இல்லையென்றால் இது நம்மிடம் வந்திருக்காது. ஆனால் வந்தபோது முன்னோர்கள், ஜிர்ர் சத்தம், பழைய சுருதி எல்லாம் கழன்று விழுந்துவிட்டன. ‘மனசுக்கு இதமான தியான வாத்தியம்’ என்று விளம்பரத்தில் பார்க்கிறப்போ எனக்கு லேசா உறுத்தும். ஸ்டெல்லா சிவேஷேயின் ம்பிராவைத் தேடிக் கேளுங்க. பெண்கள் இதைத் தொடக் கூடாது என்ற சூழலில் கற்றுக்கொண்டு உலகம் முழுக்க வாசித்தவர், 2023-ல் காலமானார். இதம்னு சொல்ல வராது, அவ்வளவு வேகம் அதில்.

சரி, ட்யூனிங். 17 கீ கலிம்பா சி மேஜரில் வரும். நம்ம கணக்கில் ஒரு கட்டை சுருதி, சங்கராபரணம். நடுவில் இருக்கிற நீளமான கீதான் ஸ. கூரியரில் குலுங்கி வருவதால் புதுசாக வந்ததும் சுருதி விலகியிருக்கும், பயப்படாதீங்க. கூடவே வருகிற குட்டிச் சுத்தியலால் பட்டையின் மேல் முனையை உங்களை நோக்கித் தட்டினால், அதிர்கிற பகுதி நீளும், சுருதி இறங்கும். விரல் வைக்கும் முனையிலிருந்து உள்நோக்கித் தட்டினால் சுருதி ஏறும். மெதுவாகத் தட்டணும், ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை வாசித்துப் பார்க்கணும்.

ட்யூனர் ஆப்பில் முள்ளைப் பார்த்துச் செய்யலாம். ஆனா ஒருதடவையாவது காதால் பண்ணுங்க. ஆப்பில் அதே ஸ்வரத்தை நீளமாக ஒலிக்கவிட்டுக் கீயைத் தட்டுங்கள். கொஞ்சம் விலகியிருந்தால் ரெண்டு சத்தமும் மோதி ‘வா-வா-வா’ன்னு அலை மாதிரி கேட்கும். தட்டத் தட்ட அலை மெதுவாகும். அப்புறம் நின்றுவிடும். நின்ற இடம்தான் சுருதி. நான் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக் கூட்டுப்பாடலில் ‘நீ வாயை மட்டும் அசை’ என்று நிறுத்தப்பட்டவள். சுருதிஞானம் இல்லை என்று முடிவே கட்டிவிட்டார்கள். இருபது வருஷம் நானும் அதை நம்பினேன். அந்த அலை நின்னது என் காதுக்குக் கேட்டப்போ, கேட்காத காது இப்படிக் கேட்காதேன்னு தோணிச்சு. உங்களில் நிறையப் பேருக்கு இப்படி ஒரு டீச்சர் இருந்திருப்பாங்க. அவங்களுக்காகத்தான் இந்த எபிசோடே.

கற்பது. இதில் ஒரு விநோதம்: ஸ்வரங்கள் பியானோ மாதிரி ஒரே பக்கமாக ஏறாது. ஸ நடுவில், ரி இடது, க வலது, ம இடது, ப வலது என்று மாறி மாறி வரும். ஏழு ஒற்றை எண் என்பதால் அடுத்த ஸ்தாயியில் பக்கம் மாறிவிடும். கீழ் ரி இடது பக்கம், மேல் ரி வலது பக்கம். இரண்டாவது வாரம் எல்லாரும் குழம்புகிற இடம் இதுதான், விட்டுடாதீங்க. இதே அமைப்பால் ஒரு லாபமும் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கீகள் மூன்றை ஒரே இழுப்பில் வழித்தால் அதுவே ஒரு கார்டு.

முதல் வாரம் ம, நி இரண்டையும் தொடாமல் வாசியுங்கள். மிச்சம் ஐந்தும் மோகனம். கையை எங்கே வைத்தாலும் உறுத்தாது. அடுத்து, ஸ இருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்க. ம-வை ஸ-வாக வைத்து ஏறினால் கல்யாணி, ப-வை வைத்தால் ஹரிகாம்போதி, த-வை வைத்தால் நடபைரவி. ஒரு கீயைக் கூடத் தட்டி மாற்ற வேண்டியதில்லை. பாட்டு வகுப்பின் முதல் ராகமான மாயாமாளவகௌளைக்கு மட்டும் சுத்தியல் எடுக்கணும்: மூன்று ரி, இரண்டு த, ஆக ஐந்து கீகளை அரை ஸ்வரம் இறக்கணும். கமகம் வராது, அதை இதனிடம் எதிர்பார்க்காதீங்க. பெட்டியின் பின் ஓட்டையை விரலால் மூடித் திறந்தால் வர்ற ‘வாவ்’ நடுக்கம்தான் அதிகபட்சம்.

எண் நோட்ஸ் பார்த்து வாசிக்கிறது சுலபம், ஆனால் பேப்பரை எடுத்தால் பாட்டும் போயிடும். பத்துப் பாட்டை எண் பார்த்து வாசிக்கிறதுக்குப் பதிலா, உங்களுக்கு மனப்பாடமான ஒரே ஒரு பாட்டின் முதல் வரியைக் காதால் தேடிக் கண்டுபிடிங்க. ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும், ஆகட்டும்.

விரல் வலிக்குதுன்னா ரெண்டு நாள் விடுங்க. நகம் ரெண்டு மில்லிமீட்டர் வளர்ந்தால் சத்தமும் தெளியும், வலியும் குறையும். நீங்க காதால் கண்டுபிடிச்ச அந்த முதல் வரியைப் பதிவு பண்ணி அனுப்புங்க, தப்போட இருந்தாலும் சரி. அடுத்த எபிசோடில் போடலாம்.