வெயில் அடிக்கும்போதும் வெள்ளம் வரும்: பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு யார் சொல்வது?

(ஸ்ரீரங்கத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை நீங்க பெரும்பாலும் கைபேசியில்தான் படிப்பீங்க. அதனால் அங்கிருந்தே தொடங்குறேன். காவிரியில் தண்ணீர் கூடுதலாகத் திறக்கும்போது எச்சரிக்கைச் செய்தி உங்க கைபேசிக்கு வந்துடும். ஆனால் முதலில் ஆபத்தில் சிக்குறவங்க பலரிடம் அந்தக் கைபேசி இருக்காது. தனியாக இருக்கும் தாத்தா, காது கேட்காத பாட்டி, படுக்கையில் இருக்கும் நோயாளி, சக்கர நாற்காலியில் நடமாடுபவர், நிறைமாதக் கர்ப்பிணி. இன்றைக்கு இவங்களைப் பற்றித்தான் பேசப் போறோம்.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது உங்களுக்குத் தெரியும். முக்கொம்பில் பிரியும் காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் மறுபக்கம். திருச்சியையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு இரண்டு விதமான வெள்ளம் உண்டு.

முதலாவது, மேட்டூரிலிருந்து வருவது. அணை 120 அடியை எட்டிவிட்டால், வரும் தண்ணீரை அப்படியே திறந்துவிட வேண்டியிருக்கும். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டும். இங்கே நமக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும். "மழையே இல்லையே, வெள்ளம் எங்கிருந்துப்பா வரும்?" என்று பெரியவங்க கேட்பாங்க. 2018 ஆகஸ்டில் அப்படித்தான் வந்தது. கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் கொள்ளிடத்தில் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்தது.

இரண்டாவது, வடகிழக்குப் பருவமழையில் வருவது. மணப்பாறை, விராலிமலைப் பக்கம் பெய்யும் மழை கோரையாறு, அரியாறு, குடமுருட்டி வழியாக நகருக்குள் இறங்கும். 1977 நவம்பர் வெள்ளத்தை உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டால் இன்னமும் சொல்வாங்க.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மேட்டூர் தண்ணீர் நம்மிடம் வந்து சேர நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் நடக்க முடியாதவரை நிதானமாக மேடான இடத்துக்கு மாற்றிவிடலாம். கோரையாற்று வெள்ளம் அவ்வளவு அவகாசம் தராது. அதற்கு முன்கூட்டியே பெயர்ப்பட்டியல் வேண்டும்.

பட்டியல் என்பது நல்லெண்ணத்தில் செய்யும் காரியம் மட்டுமில்லை, அது சட்டமும்கூட. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 8-ஆவது பிரிவைப் பாருங்க. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். ஆபத்து வரும்போது அவங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அந்த ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர்.

ஆனால் பதிவேட்டில் இருக்கும் முகவரி பழசாக இருந்தால்? அம்மாவைத் தில்லைநகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வந்துட்டீங்க. அடையாள அட்டையில் பழைய முகவரியே இருக்கு. படகு வந்தாலும் பழைய வீட்டுக் கதவைத்தான் தட்டும். அதனால் இந்த வாரமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முகவரியைத் திருத்திடுங்க. அட்டையே இல்லையென்றால் விண்ணப்பிச்சிடுங்க.

ஒரு சின்ன நிகழ்ச்சி. நான் படித்துக்கொண்டிருந்த காலம். ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ அறிவித்துக்கொண்டே போனது. எல்லோரும் மூட்டை கட்டிட்டாங்க. ஒரு தாத்தா மட்டும் திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிடிவாதம் என்றே நாங்க நினைத்தோம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் பெரிய எழுத்தில் 'தண்ணி வருது, கிளம்புங்க' என்று எழுதிக் காட்டினான். அவர் உடனே எழுந்து செருப்பைத் தேடினார். அவருக்குக் காது கேட்காது என்பது அந்தப் பையனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அரசின் திட்டத்துக்கும் அந்தத் திண்ணைக்கும் நடுவே நீங்க இருக்கீங்க. செய்ய வேண்டியவை அதிகமில்லை:

• 'டி.என். அலர்ட்' செயலியைப் பதிவிறக்கிக்கொள்ளுங்க. வானிலை எச்சரிக்கை, மழையளவு, அணை நீர்மட்டம் எல்லாம் தமிழிலேயே கிடைக்கும்.

• உங்க தெருவில் உதவி தேவைப்படுபவர்கள் யார், அவங்களுக்கு என்ன உதவி வேண்டும், யார் போய் அழைத்து வருவது என்று எழுதி வைங்க. இதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீங்க. தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் திருடன் கையிலும் கிடைக்கக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடமும், நம்பிக்கையான இரண்டு பேரிடமும் இருந்தால் போதும்.

• டயாலிசிஸ் செய்பவர்கள், மின்சாரத்தில் இயங்கும் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் எச்சரிக்கை வந்ததுமே மருத்துவரிடம் பேசி மாற்று ஏற்பாடு செய்துகொள்ளணும். மின்சாரம் போய் லிஃப்ட் நின்ற பிறகு மூன்றாம் மாடியிலிருந்து ஒருவரை இறக்குவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்க.

• ஒரு வாரத்துக்கான மாத்திரை, மருந்துச்சீட்டு, ஆதார், குடும்ப அட்டை நகல், மூக்குக்கண்ணாடி, காது கருவியின் பேட்டரி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, கதவருகே மாட்டி வைங்க.

• மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்க.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து 1077 அழைத்தால் சென்னைக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும்; நீங்க 1070-ஐ அழையுங்க. வெளிநாட்டில் இருந்தால் இந்தச் சுருக்க எண்கள் உதவாது. அப்பா, அம்மாவின் பக்கத்து வீட்டு எண் உங்ககிட்ட இருக்கா? இல்லையென்றால் இன்றைக்கே வாங்கிக்கோங்க.

முகாமுக்கு வர மறுக்கும் பெரியவங்களிடம் கோபப்படாதீங்க. வீட்டை யார் பார்ப்பது, மாட்டை எங்கே கட்டுவது, முகாமில் கழிவறைக்கு எப்படிப் போவது என்ற கவலைதான் அவங்களைத் தடுக்குது. அதற்குப் பதில் சொன்னால் பலர் கிளம்பிடுவாங்க.

அடுத்த முறை மேட்டூர் நிரம்பும்போது பாலத்தில் நின்று படம் எடுக்கப் போவீங்க, தெரியும். போகும் வழியில் ஒரு கதவைத் தட்டிட்டுப் போங்க.