புகைமூட்டத்தை எடைபோடும் அறை

சிரம்பானை அடுத்த மம்பாவ் செம்பனைத் தோட்டங்களில் புகைமூட்டம் இறங்கினால், உடனே கைப்பேசியில் சிரம்பான் ஐ.பி.யு. (காற்று மாசுக் குறியீடு) எவ்வளவு என்று பார்க்கிறோம். 100-ஐத் தாண்டினால் உடலுக்குக் கேடு. 2018 ஆகஸ்டிலிருந்து அந்தக் கணக்கில் பிஎம் 2.5 நுண்துகளும் சேர்ந்திருக்கிறது. நுரையீரலின் அடிவரை போவது அதுதான். நாள் முழுக்க வெளியில் நின்று குலை அறுப்பவர்களுக்குத்தான் இந்த எண் முதலில் தெரிய வேண்டும்.

காற்றின் தரத்தை அளக்கும் நிலையங்களில் தானியங்கிக் கருவிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கே உரைகல், ஆய்வகத் தராசு. ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலமுள்ள வெள்ளை வடிதாளை எடைபோட்டு, அதன் வழியே 24 மணி நேரம், நிமிடத்துக்குச் சுமார் 16.7 லிட்டர் காற்றை இழுப்பார்கள். பழுப்பேறிய தாளை வெப்பமும் ஈரமும் மாறாத அறையில் ஒரு நாள் வைத்திருந்து, மறுபடி எடைபோடுவார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இந்தப் பொறுமை இல்லையென்றால் கணக்கே கெட்டுவிடும். சாதாரண நாளில் சிக்கும் தூசு, ஓர் அரிசியின் எடையில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது!

பிறகு அந்தத் தூசில் லெவோகுளுக்கோசான் இருக்கிறதா என்று தேடுவார்கள். மரமும் சருகும் எரியும்போது உண்டாகும் பொருள் அது. டீசல் புகையில் வராது. மூட்டத்தில் காடெரிந்த புகை எவ்வளவு, லாரிப் புகை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அது கைகொடுக்கிறது.